கணக்கில் வராத சமையல்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் அப்பா, தங்கச்சி பேச்சியம்மாள், நான். பேச்சியைப் பெண் பார்க்கப் புளியங்குடியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியவர்கள் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும். இல்லாதவர் ஒருவர்தான், எங்கள் அம்மா. அவள் இல்லாமல் போனதற்குக் காரணம் என்னுடைய பி.ஏ. பொருளாதாரம்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். (வாசலோடு நின்றிருந்தால் தேவலை.) படித்ததை அன்றன்றே வீட்டில் இறக்கி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நாட்டின் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் குடும்பங்கள் வாங்கிச் செலவழிப்பதற்கே போகிறது என்று படித்தபோது ஆச்சரியம் தாங்கவில்லை. அவர்கள் வந்ததற்கு முந்தின நாள் சாப்பிடும்போது, "நாம வாங்குத அரிசி, பருப்பு, சீயக்கா எல்லாம் சேந்ததுதாம்ப்பா தேசத்துக் கணக்கு!" என்றேன்.

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அப்ப நான் ஆக்குதது?"

"அது வராதும்மா. ஓட்டல்ல ஆக்கினா வரும்."

அப்பா தறிக்காரர். அவர் சிரிப்பும் தறி மாதிரி, ஓட ஆரம்பித்தால் நிற்காது. "பிள்ள சரியாத்தான் படிச்சிருக்கான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மா கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "கணக்குல வாரத வாங்கித் தின்னுங்க. சாயந்தரம் வாரேன்" என்றாள். அடுப்பு பற்றவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள்.

அப்பாவுக்கு வேர்த்தது. பேச்சிக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. "ஏட்டி, ஒலைய வையி" என்று கிசுகிசுத்தார்.

"அம்மை சொல்லாம அடுப்பத் தொட மாட்டேன்" என்றாள் அவள். (அவளுக்கு வந்த வரன்தான்!)

அப்பா டிபன் கேரியரை என் கையில் திணித்தார். "பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்கு ஓடுலே. கேட்டா, அம்மை கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்லு. வேற வாயே தெறக்கப்படாது."

திறக்கவில்லை, சாம்பார் ஊற்றும்வரை.

"இது வீட்டுல ஆக்கினது மாதிரி இல்லையே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். தெரிந்துகொள்ளக் கேட்பவரிடம் எப்படிப் பொய் சொல்வது? முழுவதையும் சொன்னேன். என்னை எச்சரிக்க அப்பா அப்பளத்தை நொறுக்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"நான் எலுமிச்சங்கா வாங்குதேன். அது வருமா மக்கா?"

"வரும் அத்தை."

"ஊறுகா போடுதேனே?"

"காயும் உப்பும் வரும். ஒங்க கைவேலை வராது."

"பக்கத்து வீட்டுக்காரிக்கு நான் ஆக்கி, எனக்கு அவ ஆக்கி, ரெண்டு பேரும் கூலி வாங்கிக்கிட்டா?"

அசந்துபோனேன். எங்கள் வகுப்பில் ஒருத்தன்கூட இப்படிக் கேட்டதில்லை. "ரெண்டும் வரும் அத்தை!"

அந்த அம்மாள் மெல்லத் திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் அதுவரை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தார். "பொண்ணு பாக்க வந்த எடத்துல என் குடும்பத்தக் கலைக்கான் இந்தப் பய. கெளம்பு, போவோம்."

"நீங்க போங்க. நான் இவனப் பெத்தவளப் பாத்துட்டு வாரேன்."

அவரும் போகவில்லை. (பஸ் காசு அந்த அம்மாளின் முந்தானையில் இருந்தது.) பேச்சி என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு நான் எரியாமல் இருந்ததே அதிசயம்.

சாயந்தரம் அம்மா வந்தாள். விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு அம்மாக்களும் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே மூன்று ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தபோது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை.

எங்கள் சொந்தத்தில் கல்யாணச் சமையல் என்றால் இரண்டு வீட்டுப் பெண்களும் கூடி ஆக்குவதுதான். கூலி என்ற பேச்சே கிடையாது. இந்தக் கல்யாணத்தில் ஒரு பெண்ணும் கரண்டி பிடிக்கமாட்டாள், கூலிக்குச் சமைக்கும் தவசுப்பிள்ளையை வைத்துத்தான் சமைக்க வேண்டும் என்றார்கள்.

"கணக்குல வரட்டும்" என்றாள் அம்மா.

அப்படியே நடந்தது. பெண்கள் எல்லோரும் முதல் பந்தியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கறிக்கும் குறை சொல்லிச் சொல்லி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். இன்றைக்கும் யாராவது குழம்பு நன்றாயிருக்கிறது என்றால் பேச்சியின் வீட்டுக்காரர், "மச்சான், இது வருமா, வராதா?" என்று என்னைத்தான் கேட்பார். சமையல் கூலியை இரண்டு அப்பாக்களும் பாதிப் பாதியாகப் போட்டார்கள். அந்த ஓட்டல் சாப்பாட்டையும் சேர்த்தால், அந்த வருஷம் நாட்டின் உற்பத்தியை எங்கள் இரண்டு குடும்பங்களும் உயர்த்திய தொகை நானூற்று அறுபது ரூபாய்.