பத்து ஸ்விங், இரண்டு வெண்புறா

கோல்ஃப் ஆடுகிறேன் என்று எங்கள் லிங்கராஜபுரத்தில் யாரிடமாவது சொன்னால், முதலில் "அப்பா என்ன வேலை?" என்பார்கள். பதிலைக் கேட்டதும் "அப்புறம் எப்படி?" என்பார்கள். அப்பா ஒரு கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரிக்கும் சூப்பர்வைசர். திங்கட்கிழமை மெம்பர்களுக்கு விடுமுறை என்பதால், அன்றைக்கு மட்டும் ஊழியர்களின் பிள்ளைகள் ஆடலாம். அப்படி ஆடியே ஒரு ஜூனியர் போட்டியில் மூன்றாவதாக வந்துவிட்டேன். (மூன்றாவதாக வரவேண்டியவளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். இதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.)

அதோடு தலைக்கனம் ஏறியது. செகண்ட் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டேன். நன்றாக ஆடினால் அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபீஸ் இல்லாமல் படிக்கவைப்பார்கள் என்று கேள்விப்பட்டு, கண்ணில் பட்ட கோச்சுகளுக்கெல்லாம் மெயில் அனுப்பினேன். ஒரே ஒருவர் பதில் போட்டார். பெண்கள் அணியில் ஓர் இடம் காலி. மட்டையை வீசிப் பந்தை அடிக்கும் பத்து ஸ்விங் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டும். அந்த ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டால் எனக்கு அமெரிக்கா அட்லஸில்தான்.

போனை ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்து எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் அம்மாவின் அண்ணன் டேவிட் மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் இருக்கும்போது ஒரு செங்கல்லை நம்பினால் உறவு அறுந்துவிடும்.

திங்கட்கிழமை காலை மாமா இரண்டு கேமரா, ஒரு ட்ரோன், ஒரு வெள்ளைக்குடை சகிதம் கிளப்பில் வந்து இறங்கினார். அம்மா பட்டுப்புடவையில் வந்தார்.

"நீ எதுக்கும்மா?" என்றேன்.

"வெளிநாட்டுக்குப் போற வீடியோ. நல்ல குடும்பம்னு தெரிய வேணாமா?"

மாமா அப்பாவைக் கூப்பிட்டார். "மாப்ள, ஃபோகஸ் பாக்கணும். சும்மா ஒண்ணு அடிங்க."

பேன்ட்டை மடித்துவிட்டு, ரப்பர் செருப்போடு நின்ற அப்பா என் மட்டையை வாங்கி ஒன்று அடித்தார். பிறகு நான் பத்து அடித்தேன். பத்தும் பிரமாதம். (சாட்சி கேட்காதீர்கள்.)

மாமா கல்யாண ஆல்பம் வேலையெல்லாம் முடித்து, வெள்ளிக்கிழமை மதியம்தான் வீடியோவை அனுப்பினார். "சக்கத்தா, சூப்பரா வந்திருக்கு கண்ணு. அமெரிக்காக்காரன் அழுதுடுவான்" என்றார்.

திறந்தேன். வயலின் இசை. பனிமூட்டத்திலிருந்து, தலைமுடி பறக்க, நான் மெல்ல மெல்ல நடந்து வருகிறேன். அந்த முதல் ஒரு நிமிடத்தைப் பதினொரு தடவை பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கவேண்டும் என்றே தோன்றவில்லை. என் அழகில் நானே சொக்கிப்போய், "என் ஆட்டத்தின் நுணுக்கங்களைக் கவனிக்கவும்" என்று ஒரு வரி வேறு எழுதி அனுப்பிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அக்கம்பக்கத்தையும் கூட்டிவைத்து டிவியில் போட்டோம். இரண்டாவது நிமிடத்தில் நான் மட்டையை ஓங்கினேன். மட்டை இறங்கும் நேரத்தில் திரையில் அம்மாவின் முகம், கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தது. அடுத்த ஸ்விங்கில் ரோஜா இதழ்கள் கொட்டின. நான்காவதில் பந்து கிளம்பவேண்டிய இடத்திலிருந்து இரண்டு வெண்புறாக்கள் கிளம்பின. பத்து ஸ்விங்கில் ஒன்றில்கூட மட்டை பந்தைத் தொடவில்லை.

"மாமா, பந்து எங்க?" என்றேன்.

"மோதிரம் போடுற நேரத்துல பொண்ணோட அம்மா முகத்தைத்தான் காட்டுவோம். அங்கதான் ஃபீலிங் இருக்கு. பந்தை யார் பாப்பாங்க?"

கடைசியில், நிமிடக்கணக்கு குறைகிறதே என்று மாமா அந்த ஃபோகஸ் பார்த்த துண்டையும் சேர்த்திருந்தார். இதழ் இல்லை, புறா இல்லை. அப்பா அடிப்பது தலையிலிருந்து செருப்பு வரை பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமையே செங்கல்லில் போனைச் சாய்த்து வேறு வீடியோ எடுத்து அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. கெடு முடிந்துவிட்டதால் இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். "உங்கள் தாயாரின் பக்தி எங்களைத் தொட்டது. முதல் வீடியோவில் முழுதாகத் தெரிவது செருப்பு போட்டவரின் ஸ்விங் மட்டுமே. அது மிக அருமை. பெண்கள் அணியில் அவரைச் சேர்க்க வழியில்லாததற்கு வருந்துகிறோம்" என்று எழுதியிருந்தார்.

இரண்டு நாள் அழுதேன். நிஜமாகவே அழுதேன். மாமாவின் மேல் இருந்த கோபத்தைவிட, ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்காத என்மேல் இருந்த கோபம்தான் அதிகம். அப்பா அந்த மெயிலை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். முதல் இரண்டு தடவை எனக்காக வருத்தப்பட்டார். மூன்றாவது தடவை தனக்காகக் கேட்டார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பிறகு நான் இங்கேயே பஸ்ஸில் போய் பி.காம் படித்தேன். அப்பா அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டுவார். "அமெரிக்கா காலேஜ்ல என்னைக் கேட்டாங்க. லேடீஸ் டீமாச்சே, எப்படிப் போறது?"

வந்தவர்கள் மெயிலைப் படித்து, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, உட்கார்ந்து, அப்புறம்தான் என் பக்கம் திரும்புவார்கள்.

"உனக்கு இதுல எல்லாம் இன்ட்ரஸ்ட் இல்லையாம்மா?"