ஹெட்மாஸ்டரின் பேன்ட் மாடிக்குப் போன விவரம்

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்தோடு எழுதுவது. இங்கு நான், உன் தம்பி மனைவி, மகள் வாலு மூவரும் சுகம். அங்கு நீயும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

வாலு கணக்கில் நூற்றுக்கு ஒன்பது வாங்கியதைச் சொன்னபோது, "அவளை என்கிட்ட அனுப்பு. பத்தாவது முடிக்கிற வரைக்கும் என் வீட்டுல இருந்து நான் டீச்சரா இருக்கிற பள்ளிக்கூடத்துலயே படிக்கட்டும். பதினோரு வயசாச்சு, இன்னும் உன் செல்லத்துல விட்டா உருப்படாது" என்றாய். நாங்கள் இருவரும் யோசித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அனுப்புவதாக முடிவு செய்துவிட்டோம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, தைரியம் வரவில்லை. ஆனால் அனுப்பித்தான் ஆக வேண்டும். இந்த ஒரு மாதமாக இங்கே நடக்கும் கூத்தைக் கேட்டால் நீயே வந்து கூட்டிப்போவாய்.

எல்லாம் அவள் ஹெட்மாஸ்டர் செய்த வேலை. "இந்த மாசம் புத்தகத்தை மூடி வெச்சுடுங்க. ஆளுக்கு ஒண்ணு, வீட்டுக்கு உபயோகப்படற மாதிரி கையால கட்டுங்க. எல்லாப் பாடமும் தானா அதுக்குள்ள வந்துடும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். அவர் நிம்மதியாக இருக்கிறார், மாட்டிக்கொண்டது நான். உனக்குத்தான் தெரியுமே, தையல் கடை கீழே, வீடு மாடியில். காஜா எடுப்பது, கொக்கி வைப்பது எல்லாம் உன் தம்பி மனைவி மேலே உட்கார்ந்து செய்கிறாள். துணியும் கையுமாக ஏறி இறங்கியே அவள் முழங்கால் போய்விட்டது. "அம்மாவுக்கு லிஃப்ட் கட்டப்போறேன்" என்றாள் வாலு. அட்டையில் ஏதோ ஒட்டுவாள் என்று தலையை ஆட்டிவிட்டேன். மறுநாள் பார்த்தால், மூலையில் கிடந்த பழைய மிதி மெஷினின் பெரிய சக்கரம் பால்கனிக் கம்பியில் தொங்குகிறது. என் டேப்பை அதைச் சுற்றி வைத்து முப்பத்தெட்டு அங்குலம் என்கிறாள், மாடியிலிருந்து தரை பத்தொன்பது அடி என்கிறாள், ஆறு சுற்று சுற்றினால் பெட்டி கீழே வந்துவிடும் என்கிறாள். ஒன்பது மார்க்காரி சொல்வதை எப்படி நம்புவது? நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை ஏதேதோ வந்தது. மூன்றாம் தடவை ஆறு வந்தது.

அடுத்தது பெட்டி. "பதினேழு அங்குலத்துல பலகை அறுத்துக் கொடுங்கப்பா" என்றாள். பெருமையாக அறுத்துக் கொடுத்தேன். ஆணியெல்லாம் அடித்த பிறகு பார்த்தால் பால்கனித் திறப்பு வழியாகப் பெட்டி நுழைய மாட்டேன் என்கிறது. டேப்பை வைத்துப் பார்த்தாள், பத்தொன்பது அங்குலம். "பலகைக்கு எதுக்குப்பா தையலுக்கு விட்டீங்க?" என்றாள். முப்பது வருஷப் பழக்கம் அக்கா, பக்கத்துக்கு ஓர் அங்குலம் கை தானாக விட்டுவிடுகிறது. ஆணியைப் பிடுங்கி மறுபடி அறுத்துக் கொடுத்தேன். உன் தம்பி மனைவி அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மானம் போனது போன சனிக்கிழமை. ஹெட்மாஸ்டரே கடைக்கு வந்தார். போட்டிருந்த பேன்ட்டில் கொக்கி பிய்ந்துவிட்டது. அவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, பேன்ட்டைப் பெட்டியில் வைத்து மேலே அனுப்பினேன். கொக்கி வைத்து, என் சாப்பாட்டுக் கேரியரோடு சேர்த்துக் கீழே அனுப்பினாள் உன் தம்பி மனைவி. எனக்கு நல்ல பசி. கேரியரை முதலில் எடுத்துவிட்டேன். கயிற்றின் மறுமுனையில் எடைக்கு எடையாக என் பழைய கரி இஸ்திரிப் பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறாள் வாலு என்பது நினைவில் இல்லை. அது தடாலென்று இறங்கிப் பட்டன் டப்பாவில் உட்கார்ந்தது, பேன்ட் மாடிக்குப் போய்விட்டது.

"பேன்ட் வந்துடுச்சா?" என்றது திரை.

"வந்துச்சு சார். வந்துட்டு மறுபடி போயிருக்கு."

"ஏன் போச்சு? உங்க பொண்ணைக் கூப்பிடுங்க."

வாலு ஓடி வந்து திரைக்கு முன்னால் கைகட்டி நின்றாள். "ரெண்டு பக்கமும் எடை சமமா இருந்துச்சு சார். அப்பா கேரியரை எடுத்துட்டாரு. இந்தப் பக்கம் குறைஞ்சதும் அந்தப் பக்கம் இறங்கிடுச்சு."

"சரி. இனிமே அப்படி ஆகாம இருக்க என்ன பண்ணணும்?"

"அப்பாவை மாத்த முடியாது சார். பெட்டியை மாட்டிவைக்கக் கீழ ஒரு கொக்கி வெக்கணும்."

"சரியான விடை. ஓடிப்போய் பேன்ட்டை எடுத்துட்டு வாம்மா."

அத்தோடு விட்டாளா? மத்தியானத்தில் பெட்டி ஆடுகிறதே என்று வெட்டுத்துணி ஒன்றைக் கம்பியில் கட்டி, காற்று எந்தத் திசையிலிருந்து எத்தனை மணிக்கு அடிக்கிறது என்று நாலு நாளாக எழுதுகிறாள். கடை வாசலில் அவள் எழுதி மாட்டிய பலகையில், "கீழிருப்போர் கொக்கியை மாட்டிய பின்னரே சாப்பாட்டை எடுக்கவும்" என்று இருக்கிறது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, நான் தேடிப் பார்த்தேன். உன் தம்பி மனைவிக்கு முழங்கால் வலி பாதியாகிவிட்டது, காஜா எடுத்துக்கொண்டே பாட்டு வேறு பாடுகிறாள். எல்லாம் நல்லதுதான், ஆனால் பாடப்புத்தகம் தூசி படிந்து கிடக்கிறதே. பெற்றவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஆகவே ஞாயிறு காலை ஸ்டேஷனுக்கு வந்துவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவர்கள் உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் என்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: உன் விலாசம் எழுதித் தரச் சொல்லி, இந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைத்து மேலே அனுப்பினேன். எடுத்தது வாலு. படித்துவிட்டாள். கடிதத்தோடு படியிறங்கி வந்து நின்றாள். அழவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சக்கரத்துக்கு ஒரு கைப்பிடி போட்டுடறேன்ப்பா. நான் இல்லன்னா அம்மா தனியா சுத்தணும், கை வலிக்கும்" என்றாள். அழுதிருந்தாலாவது அதட்டியிருப்பேன். எனக்குத்தான் அடக்க முடியவில்லை. அக்கா, அவளை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது. ஸ்டேஷனுக்கு வராதே. கோபம் ஆறியதும் லீவில் நீயே இங்கே வா. படி ஏற முடியாதே என்று தயங்க வேண்டாம், அத்தைக்காகப் பெரிய பெட்டியாகக் கட்டுகிறாளாம். கணக்குப் போட வேண்டுமாம், உன் எடை எவ்வளவு என்று மறைக்காமல் எழுது.