யார் காட்டினாலும் இரண்டு பர்சென்ட்

பாப்பாரப்பட்டி,
புதன்கிழமை.

அன்பும் அறிவும் நிறைந்த மருமகள் காவியாவுக்கு, தாய்மாமன் சென்றாயன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அத்தை மாதம்மாள், கறவை மாடு மூவரும் நலம். பெங்களூர் டிராபிக்கில் நீயும் மாப்பிள்ளையும் நலமா? போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

அதியமான்கோட்டையில் வீட்டுமனை பார்க்கச் சொன்னாய் அல்லவா, மறுநாளே ஜில்லாவின் முதல் நம்பர் புரோக்கர் பூவரசனைப் பிடித்துவிட்டேன். அவன் இப்போதெல்லாம் வாங்குகிறவர்களிடம் முதலிலேயே அக்ரிமென்ட் போட்டுக்கொள்கிறான். ஆறு மாசம் அவன் தேடுவான், வாங்கினால் இரண்டு பர்சென்ட் அவனுக்கு. மூன்று பக்கம் இங்கிலீஷ். ஒரே மூச்சில் படித்து, நாலு இடத்தில் தப்பு என்றேன், ஆடிப்போய்விட்டான். (எட்டாவதோடு என்னை நிறுத்தியதே, இதற்கு மேல் சொல்லிக்கொடுக்கத் தன்னிடம் சரக்கில்லை என்று வாத்தியார் சொன்னதால்தான்.) அதோடு விட்டேனா? எதிர் வூட்டுப் பச்சியப்பனும் புரோக்கர்தான், அவன் நடுவில் புகுந்து ஒரு ரூபாய் பார்க்கக் கூடாது என்று, ‘யார் காட்டிய மனையானாலும் கமிஷன் பூவரசனுக்கே’ என ஒரு வரியை நானே சொல்லித் தமிழில் எழுத வைத்தேன். பச்சியப்பன் மூன்று நாள் சாப்பிடவில்லையாம். வாங்குபவர் என்ற இடத்தில் என் பேரை எழுதி என் கையெழுத்தையே போட்டேன். தாய்மாமன் போட்டால் நீ போட்ட மாதிரிதானே! என் கையெழுத்தைப் பார்த்து பாங்கி மேனேஜரே எழுந்து நின்றிருக்கிறார்.

பூவரசன் நாலு மனை காட்டினான். ஒன்று ஏரிக்குள். ஒன்று பாறை மேல். மூன்றாவதில் ஒருவர் ஏற்கனவே வீடு கட்டிக் குடியிருந்தார், எங்களுக்கு டீ கூடக் கொடுத்தார். நாலாவதைப் பாலத்து மேல் நின்று விரலால் காட்டினான். அதற்குள் உன்னோடு படித்த கோகிலவாணி தன் அஞ்சு சென்ட்டை முப்பது லட்சத்துக்கு உனக்கே தருகிறேன் என்றாள், நீ அனுப்பிய அட்வான்ஸைப் போன வாரம் நானே கொண்டுபோய்க் கொடுத்து அட்வான்ஸ் பேப்பரும் எழுதி முடித்தேன். ஊரே கூடிவிட்டது. திங்கட்கிழமை ரிஜிஸ்டர், தவறினால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாள்.

நேற்று பைபாஸ் டீக்கடையில் பூவரசன் வந்து நின்றான்.

“ஏனுங்க மாமா, அறுபதாயிரம் எப்பத் தர்றீங்க?”

“எதுக்குடா? எங்க புள்ள தானா தேடிக்கிட்ட மனை!”

“யாரு காட்டுனாலும்னு நீங்கதானுங்களே எழுதச் சொன்னீங்க.”

“அது பச்சியப்பனுக்காகடா!”

“அவரு பேரு அதுல இல்லீங்களே. திங்கக்கெழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல பாய் போட்டு உக்காந்துக்குவனுங்க. எப்படி உள்ள போறீங்கன்னு பாக்கறன்.”

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே அவனைத் தூக்கி நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் போட்டிருப்பேன், டீ ஆறிவிடும் என்று விட்டேன். நேராகப் பத்திரம் எழுதும் அமுதவல்லியிடம் இழுத்துப்போனேன். அந்தம்மா கண்ணாடியைப் போட்டு மூன்று பக்கமும் படித்தது.

“இதுல காவியாங்கற பேரே இல்லியேப்பா பூவரசா. வாங்குறவரு சென்றாயன்னு இருக்குது. இவரு வாங்குனாத்தான் உனக்குக் கமிஷன். அந்தப் பொண்ணு வாங்குனா உனக்கு என்ன?”

பூவரசன் முகம் வெயிலில் வைத்த ஐஸ்கிரீம் ஆகிவிட்டது. “என்ன மாமா, இப்படிப் பண்ணிட்டீங்க?” என்றான். “இதுக்குத்தான்டா அன்னிக்கே என் பேர்ல போட்டன்” என்றேன். சத்தியமாக முதலிலேயே திட்டம் போட்டுத்தான் செய்தேன், உன் அத்தை சிரித்தால் நம்பாதே.

ஆகவே அறுபதாயிரம் மிச்சம். பயமில்லாமல் வா. நம்ம குலசாமி முனியப்பன் புண்ணியத்தில் கட்டப்போகிற வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் பேத்தி எடுத்து வாழ வேண்டும். மாடிப் படிக்குக் கீழே எனக்கு ஒரு கட்டில் போதும்.

இப்படிக்கு,
உன் மாமன் சென்றாயன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது அமுதவல்லி போன் செய்தது. கோகிலவாணியிடம் போட்ட அட்வான்ஸ் பேப்பரிலும் வாங்குபவர் நான்தானாம். பூவரசன் அதை ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷனும் பண்ணிவிட்டானாம். வரும்போது அறுபதாயிரத்துக்கு ஒரு செக் கொண்டு வா. கையெழுத்துக்கு நீ சிரமப்படாதே, நானே போட்டுக்கொள்கிறேன்.