ஏணிக்கு நான் சொன்ன காலிங் பெல் விஞ்ஞானம்

நுண்ணோக்கிக்குள் கண்ணை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் அக்கா மகளுக்குத் தாய்மாமன் ஆசியோடு எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இதையெல்லாம் நான் எப்போதோ சொல்லிவிட்டேன் என்பதை முதலில் ஒப்புக்கொள். செல்லுக்குள் சிக்னல், சிக்னலுக்குள் புரதம் என்று நீ படித்துப் பட்டம் வாங்கியதை, ஒன்பதாவதோடு நின்ற நான் வீடு வீடாகப் பெல் ரிப்பேர் பார்த்தே கண்டுபிடித்தவன். எனக்கு ஏணி பிடிக்கிறவன், பேரே ஏணி என்றாகிப்போனவன், அவனுக்கு நுரையீரலில் கட்டி என்றதும் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா படம் போட்டு, "செல்லு மேல ஒரு ஸ்விட்ச் மாதிரி இருக்கு. வெளியிலேர்ந்து தகவல் வந்தாத்தான் அது உள்ளே 'வளரு'ன்னு சொல்லணும். இவருக்கு அது ஆன்லயே நின்னுபோச்சு" என்றார். "டாக்டர், இது காலிங் பெல் கோளாறு" என்றேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வாசலில் ஆளே இல்லை, பொத்தான் அமுங்கியபடி மாட்டிக்கொண்டது, மணி ஓயவில்லை. உள்ளே இருக்கிறவர்கள் விருந்தாளி வந்தாச்சு என்று அறைமேல் அறையாகக் கட்டுகிறார்கள், 'போதும்' என்று அதட்ட வேண்டியவரும் தூங்கிவிட்டார், அதுதான் கட்டி, மாத்திரை வீட்டை இடிக்க வரவில்லை, பொத்தானுக்குள் உட்கார்ந்து மணியை நிறுத்த வருகிறது என்று நான் விளக்க, "நீங்க எங்க காலேஜ்ல பாடம் எடுக்கலாமே" என்று டாக்டரம்மா கெஞ்சினார். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏணிதான் மசியவில்லை. "கட்டி எலுமிச்சம்பழம் சைசு, மாத்திரை இத்துனூண்டு. இது போய் யாரை மிரட்டும்? எனக்கு வேண்டாம்ணே."

"பெல்லை நிறுத்த சுத்தியலா வேணும்? ஒரு துண்டு அட்டை போதும்டா."

"மணி நிக்கும். கட்டின ரூம் என்ன ஆகும்?"

"மணி அடிக்கலைன்னா தானா காலியாகும்."

இதைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் வாங்கி மாத்திரையை விழுங்கினான். அன்று முதல் ஒருநாள்கூட விடவில்லை. மாத்திரையின் பலனாக முகமெல்லாம் பரு, வயசுப் பையன் மாதிரி கண்ணாடி பார்க்கிறான். புது ஸ்கேனில் கட்டி பாதியாகியிருக்கிறது. ஆனால் நடுவில் நிறுத்தினால் மணி மறுபடி அடிக்கும், விடாமல் சாப்பிட்டாலும் கட்டி வேறு ஒயர் இழுத்து மணியடிக்கப் பார்க்கும், அதனால் செக்கப்பும் தவறக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்திருக்கிறார்.

வளர வேண்டியது வளர்ந்து, நிற்க வேண்டியது நின்று, நீ நீடூழி வாழ வாழ்த்தும்,
மாமன்.

பின்குறிப்பு: என் விளக்கத்தைக் கேட்டு ஏணி விழுங்கினான் என்று எழுதினேனே, அது மட்டும் சும்மா. விளக்கம் முழுக்கக் கொட்டாவிதான் விட்டான். கடைசியில், "எனக்கும் இதே கட்டி இருந்துச்சுடா, இதே மாத்திரைதான், யார்கிட்டயும் சொல்லலை" என்று ஒரு போடு போட்டேன். அதற்கப்புறம்தான் மாத்திரைக்கு வாயைத் திறந்தான். இப்போது தினமும் காலையில் அவன் எதிரே நானும் ஒரு பெப்பர்மின்ட்டை முழுங்கித் தொலைக்கிறேன். "அண்ணே, உங்களுக்கு ஏன் பரு வரலை?" என்று நேற்று கேட்டுவிட்டான். இந்த வாரம் உனக்குப் போன் பண்ணுவான். நீ படித்தவள், நீ சொன்னால் நம்புவான். ஆமாம், மாமாவுக்கும் இருந்தது என்று சொல்லிவிடு. எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்று. இடது என்றேனா வலது என்றேனா, எனக்கே மறந்துபோச்சு.