வெள்ளிக்கிழமையைக் கெடுத்தவன்

ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய நெரிஸ் அத்தை அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மகன் கெத்தின் பணிவோடு எழுதிக்கொள்வது. ரில் ஊர்க் கடற்கரையில் மழை விட்டதா, உங்கள் அழகுநிலையத்தில் கூட்டம் எப்படி, மாமாவின் முழங்கால் தேவலையா என்றெல்லாம் முறையாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை.

நாளைக்கு விமானத் தொழிற்சாலையில் என்மேல் விசாரணை. அவர்கள் துரத்துவதற்கு முன்னால் நானே விலகிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இதை அப்பாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். 'தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தால் சம்பளமும் வரும், பட்டமும் வரும், பையன் விமானமும் செய்வான்' என்று அவர் தலையில் ஏற்றிவிட்டது நீங்கள். அவர் அதைத் தேவாலயப் பாடகர் குழு முழுவதற்கும் சொல்லிவிட்டார். நீங்களோ, தலையில் சாயம் பூசிக்கொண்டு எழுந்து ஓட முடியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களிடமெல்லாம் சொல்லிவிட்டீர்கள். போன வாரம் பேருந்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டு, தன் பேத்தி ஸ்பெயினுக்குப் போகும் விமானம் நான் செய்ததா என்று கேட்டார்.

அத்தை, நான் செய்தது என்ன தெரியுமா? ஒரு இரும்புக்கட்டி. சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். சேர்ந்த நாளிலிருந்து இலை உதிர்காலம் முடியும் வரை அதை அரத்தால் ராவினேன். பயிற்றுநர் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும், "மறுபடியும் ராவு" என்பார். கடைசியில் அது சதுரமானபோது சோப்புத் தேய்ந்து முடியும் அளவுக்கு வந்திருந்தது. வாரத்தில் ஒரு நாள் பல்கலைக்கழகம். அங்கே மற்ற மாணவர்கள் பத்து மணிக்கு எழுந்து ஈரத்தலையோடு வருவார்கள். நான் நகக்கண்ணில் எண்ணெய்க் கறையோடு போய்க் கடைசி வரிசையில் தூங்குவேன். தொழிற்சாலையில் நான் படித்த திமிர் பிடித்தவன், பல்கலைக்கழகத்தில் நான் தொழிலாளி. இரண்டுங்கெட்டான் என்பதற்கு இனி அகராதியில் என் படத்தைப் போடலாம்.

பிறகு இறக்கைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஃபோர்மேன் எம்ரிஸ். மலைமாதிரி ஆள். என் பெயரைக் கேட்கக்கூட இல்லை, "வாங்க புரபசர், டீ போடத் தெரியுமா?" என்றார். டீ போட்டேன். நல்ல பெயர் வாங்கலாமே என்று எல்லாருடைய கோப்பைகளையும் பளபளவென்று கழுவியும் வைத்தேன். அதற்குள் ஒரு கொலையே நடந்ததுபோலக் கூட்டம் கூடிவிட்டது. எம்ரிஸ் வெள்ளையாகிவிட்ட தன் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார்.

"யார் பண்ணினது?"

"நான்தாங்க. உள்ள கருப்பா இருந்துச்சு..."

"கருப்பா இருந்துச்சா? அடப்பாவி, அந்தக் கருப்புதான்டா டீயே! அதைச் சேர்க்க எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா ஒனக்கு?"

அன்றிலிருந்து அவர் கடைசி இரண்டு மடக்கைக் குடிக்காமல் விட்டு, அதன்மேலேயே புதிய டீயை ஊற்றச் சொல்லி, கருப்பை மறுபடி வளர்த்தார். கழுவக் கூடாது, கவிழ்க்கக் கூடாது, நான் முகர்ந்தும் பார்க்கக் கூடாது.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வெள்ளி என்றால் எங்களுக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும். எங்கள் கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்தில் மெத்தையில் பள்ளம் வெட்டியிருக்கும். பெட்டியை மூடும்போது ஒரு பள்ளம் காலியாக இருந்தால், அந்தக் கருவி இறக்கைக்குள் கிடக்கலாம். அது கிடைக்கும் வரை இறக்கையும் நகராது, ஆட்களும் நகரக் கூடாது. எல்லாரும் கோட்டு மாட்டியாகிவிட்டது. எம்ரிஸ் கார்டிஃபில் நடக்கும் ரக்பி ஆட்டத்துக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க, கழுத்தில் அணியின் சிவப்புத் துண்டோடு கதவருகே நின்றார். என் பெட்டியில் துளைபோடும் டிரில் பிட் ஒன்று இல்லை.

என்னோடு பயிற்சிக்குச் சேர்ந்த காரிஸ் எட்டிப் பார்த்துவிட்டு என் காதில், "பேசாம பெட்டிய மூடு. சாயங்காலம் கடையில ஒண்ணு வாங்கி வெச்சிரலாம்" என்றாள். மூடப் பார்த்தேன் அத்தை, பொய் சொல்லவில்லை. கை மூடியில்தான் இருந்தது. ஆனால் பேருந்தில் பார்த்த அந்த அம்மாளின் பேத்தி ஸ்பெயினுக்குப் போவது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. எனக்குப் பயமாகிவிட்டது. "ஒண்ணு குறையுது" என்று கத்திவிட்டேன்.

அதன்பிறகு அவர்கள் சொன்னதையெல்லாம் உங்களுக்கு எழுத முடியாது. பாதி வெல்ஷ் மொழியில் இருந்தது, மீதி அதைவிட மோசம். நான்தான் ஒல்லி என்று இறக்கைக்குள் போகும் துவாரம் வழியாக என்னைத் திணித்தார்கள். எரிபொருள் நிரப்பும் அந்த இருட்டுக் குகையில் கைவிளக்கோடு ஊர்ந்தேன். வெளியே என் காலைப் பிடித்துக்கொண்டு எம்ரிஸ், "கெடைக்கலேன்னா ஒன்ன உள்ளயே வெச்சு மூடிருவேன்டா, புரபசர்!" என்று முழங்கினார். அவருடைய பேருந்து ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது உள்ளே படுத்திருந்த எனக்கே கேட்டது. வெகுநேரம் தேடியும் கிடைக்கவில்லை. "போய் டீயாவது போட்டுக் கொண்டா" என்று விரட்டினார்கள்.

ஓய்வறைக்குப் போய் எம்ரிஸின் கோப்பையில் வெந்நீரை ஊற்றினேன். உள்ளே கிணுங் என்றது, அந்த டிரில் பிட்! காலையில் டீ கொடுக்கக் குனிந்தபோது என் சட்டைப்பையிலிருந்து நழுவியிருக்கிறது. அந்தக் கருப்பில் யானை விழுந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அவர் அதன்மேலேயே இரண்டு தடவை குடித்துமிருக்கிறார்.

கிடைத்ததே என்று சந்தோஷப்படவும் வழியில்லை. கருவியைச் சட்டைப்பையில் போட்டு வேலையிடத்துக்கு வெளியே கொண்டுபோனது தொலைத்ததைவிடப் பெரிய குற்றமாம். எம்ரிஸ் கழுத்துத் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இங்கே என் முகத்தில் முழிக்க யாருக்கும் பிடிக்கவில்லை, அத்தை. எனக்கும் போதும். உங்கள் கடையிலேயே தரையைக் கூட்டி, முடி அள்ளிப் பிழைத்துக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கங்கள், உங்கள் பூனைக்கு என் அன்பு. உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் நீண்ட கூந்தலோடு நெடுங்காலம் வாழட்டும்.

இப்படிக்கு, விமானம் எதுவும் செய்யாத
கெத்தின்

பின்குறிப்பு: இன்று திங்கள். தபாலில் போடுவதற்குள் விசாரணையும் முடிந்துவிட்டது. பாதுகாப்பு அதிகாரி டெலித் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, நாளை முதல் பயிற்சி பெறுபவர்கள் அனைவரும் சட்டைப்பையைத் தைத்து மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். "நீ சொன்னதால தப்பிச்சோம், போய் வேலையப் பாரு" என்று என்னை அனுப்பிவிட்டார். சட்டைப்பை போன கோபத்தில் காரிஸ் என்னோடு பேசுவதில்லை. மேலே எழுதியது எதையும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். வேறு கடிதம் எழுத நேரமில்லை, நாளைக்குக் கணக்குப் பரீட்சை.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில், எம்ரிஸ் தன் பெட்டிமுன் ரொம்ப நேரம் நின்றார். அவர் பெட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, பேசாமல் மூடிவிட்டுப் போயிருக்கலாம். காதெல்லாம் சிவந்துபோய் என் பக்கம் திரும்பி, "எனக்கும் ஒண்ணு குறையுதுப்பா" என்றார். மறுபடி கதவை மூடினார்கள், மறுபடி என்னை இறக்கைக்குள் திணித்தார்கள். என் பேருந்து போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் உள்ளேயிருந்தபடியே, "கண்ணைப் பொடனியிலயா வெச்சிருக்கீங்க? நாங்கல்லாம் வீட்டுக்குப் போக வேணாமா?" என்று எல்லாரையும்விட உரக்க அவரைத் திட்டினேன். வெளியே எம்ரிஸ் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். திட்டி முடித்த பிறகுதான் தோன்றியது, வேலையை விட்டுப் போகிறவனுக்கு எதற்கு இவ்வளவு கோபம்?