ஸ்டெபிலைசரும் பதின்மூன்றாவது வாரமும்

ஆவடியில் கவலைப்படாத மனிதர் கிடையாது. ஆனால் கவலைப்படுவதை ஒரு முழுநேர உத்தியோகமாகவே செய்தவர், எனக்குத் தெரிந்து, ஸ்டெபிலைசர் ஒருவர்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டீவி ஸ்டெபிலைசர் செய்கிற வேலை. அதனால் வந்த பெயர். நானும் அவரும் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த போர்ஷன். எங்கள் தெருவில் எல்லா டீவிக்கும் அவர் கையால் செய்த டப்பாதான் காவல். கரண்டுக்கு ஏதாவது ஆனால் அது ‘டக்’ என்று சத்தம் போட்டு டீவியை அணைத்துவிடும். மின்னல் வெட்டினால் போதும், மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடி பிளக்கைப் பிடுங்குவார்.

ரயிலில் அவர் கண்ணை மூடியதே இல்லை. ஆவடியில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும், கால் மணி நேரம்கூட ஆகாது. தூங்கிப்போய் சென்ட்ரலுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று கவலை.

இப்படிப்பட்டவர் தலையில்தான் அந்தத் தொடர் வந்து விழுந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை டீவிக்காகப் பதின்மூன்று வாரத் தொடராக மறுபடி எடுத்திருந்தார்கள். ஒரே குதிரை வண்டியைப் பங்கு போட்டு ஓட்டும் இரண்டு நண்பர்கள். ஒரு சந்தேகத்தில் பிரிகிறார்கள். கடைசியில் ஒருவன் மன்னிப்புக் கேட்க ஓடி வருகிறான், வாசலை மிதிக்கும் நேரத்தில் மற்றவன் உயிர் போய்விடுகிறது. அந்தக் காலத்தில் தியேட்டரே அழுத படம்.

அந்தப் படத்தை ஸ்டெபிலைசர் பதினோரு தடவை பார்த்திருந்தார். பதினோரு தடவையும் பக்கத்து சீட்டில் ஆரோக்கியசாமி.

ஆரோக்கியசாமி அவருடைய பால்ய சிநேகிதர். பெரம்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டினார். பாதிரியார் வந்து வீட்டை மந்திரித்த அன்று ஸ்டெபிலைசர் தன் கையாலேயே ஒரு டப்பா செய்து பரிசாகக் கொடுத்தார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்று டீவி புகைந்தது. சொந்தபந்தம் நிறைந்த வீட்டில், “உன் டப்பாவால தான்யா போச்சு” என்றார் ஆரோக்கியசாமி. “டப்பா மேல தப்பு இல்ல, உன் ஊட்டு எர்த்து சரியில்ல” என்றார் இவர். அவ்வளவுதான், நான்கு வருடம் பேச்சு இல்லை.

திருநின்றவூரில் ஏறும் ஆரோக்கியசாமி, அதுவரை நாலாவது பெட்டியில் ஜன்னலோரம் ஒரு நீலக் கட்டம் போட்ட கர்சீப்பைப் போட்டு ஸ்டெபிலைசருக்கு இடம் பிடித்து வைப்பார். சண்டைக்குப் பிறகு கர்சீப் அவர் கழுத்துக்குப் போய்விட்டது. அதே ரயில், அதே பெட்டி. அவர் உட்கார்ந்திருப்பார், இவர் கதவோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

தொடரில் குதிரைக்குப் பதில் ஆட்டோ வந்தது. குதிரைக்குத் தீனி போட வசதியில்லை போலும். தெருவே சிரித்தது, ஸ்டெபிலைசர் சிரிக்கவில்லை.

“சார், டீவி ஸ்டேஷனுக்கு ஒரு கார்டு எழுதுங்க சார். கடைசில அவன சாவடிக்கக் கூடாதுன்னு எழுதுங்க.”

“படத்துல செத்துட்டானே அண்ணே?”

“அது படம் சார். இதுல கொஞ்சம் முன்னாடியே வந்துட்டான்னா இன்னா? ஆட்டோதான வெச்சிகீறான், குதிரைய விட சீக்கிரம் வரலாமே!”

வாரம் ஒரு கார்டு எழுதினேன். பதில் வரவில்லை. பத்தாவது வாரத்தில் டீவியில் அந்த நண்பன் இரும ஆரம்பித்தான். அன்றிலிருந்து ஸ்டெபிலைசருக்குச் சோறு இறங்கவில்லை. “இருமுறது அவன், மெலியிறது இவுரு” என்று அவர் மனைவி என் மனைவியிடம் புலம்பினார்.

பதின்மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. முக்கியமான நேரத்தில் எந்த டீவியும் புகைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், சாயங்காலமே ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பி, தெருவில் இருந்த எல்லா டப்பாவையும் திறந்து, லேசாகக் கரண்டு இறங்கினாலும் அணைந்துவிடும்படி முறுக்கி வைத்துவிட்டார்.

ஏழரை மணி. ஆட்டோ பறந்து வருகிறது. உள்ளே நண்பன் மூச்சு இழுக்கிறான். வாசலில் செருப்புச் சத்தம்.

டக்.

பக்கத்து வீட்டில் டக். எதிர் வீட்டில் டக். தெருக்கோடி வரை டக், டக், டக். விளக்கு லேசாக மங்கி எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, டீவி மட்டும் இல்லை. டப்பாவைக் கழற்றிவிட்டு நேராகச் செருகப் போனவர்களையும், “டைரக்டா போட்டா பொகஞ்சிரும்!” என்று கையை விரித்துத் தடுத்தார். மறுபடி படம் வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அன்று தெரு அவரை அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

மறுநாள் காலை நாலாவது பெட்டியில் ஏறினோம். முந்தைய நாள் முடிவைப் பார்த்தவர்கள் அங்கே முப்பது பேராவது இருந்திருப்பார்கள். யாரை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அவர் கதவோரம் நிற்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஆரோக்கியசாமி முன்னால் போய் நின்றார்.

“மச்சான்... நேத்து இன்னா ஆச்சு? அவன் இருந்தானா, பூட்டானா?”

ஆரோக்கியசாமி நிமிர்ந்து பார்த்தார். கழுத்திலிருந்த கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனுக்கு எப்டிரா தெரியும்? செருப்பு சத்தம் கேட்டுச்சு, எங்க ஊர்லயும் கரண்டு எறங்கிச்சு, உன் டப்பா கட் பண்ணிடுச்சு.”

“என் டப்பாவா? அத இன்னுமா வெச்சிகீற?”

“டீவிதான் மாத்துனேன். எர்த்து குழிய தோண்டி உப்பு, கரி போட்டேன். அப்பறம் ஒழுங்காதான் ஓடுது.”

பக்கத்தில் ஒருவர், “சார், நேத்து கடைசில...” என்று வாயைத் திறந்தார். நான் அவர் காலை நன்றாக மிதித்தேன்.

முடிவை அன்றைக்கே ஆபீசில் தெரிந்துகொண்டேன். ஸ்டெபிலைசர் என்னைக் கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை ஜன்னலோரத்தில் நீலக் கட்டம் போட்ட கர்சீப் கிடந்தது. ஸ்டெபிலைசர் தயங்கி நின்றார். “வேற யாருக்னா போட்டுகீறானோ சார்?” என்று என் காதில் கேட்டார். ஆரோக்கியசாமி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அம்பத்தூர் வருவதற்குள் மனிதர் ஆரோக்கியசாமி தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். பட்டரவாக்கத்தில் எழுப்ப நான் கையை நீட்டினேன்.

“உடு சார், தூங்கட்டும்” என்றார் ஆரோக்கியசாமி. “பெரம்பூர்ல நான் எறங்கி, திரும்பப் பட்டரவாக்கத்துக்கு இட்டாந்து உட்டுட்டுப் போறேன்.”