மந்திரி அழகையா காற்றோடு பொருத படலம்

"மந்திரி மாமா, நீங்க என்ன வேல செய்றீங்க?" என்று ரத்தோட்டைப் பக்கத்துப் பாடசாலையொன்றின் பரிசளிப்பு விழாவில் ஒரு சிறுமி ஒருமுறை கேட்டாள். அவளுக்குக் கைதட்டல் கிடைத்தது, விடை கிடைக்கவில்லை. அவ்விடையைப் பாடவே யாம் எழுதுகோல் எடுத்தோம். ஏழைகளின் அடுப்படியில் ஓசையின்றி எழுந்தருளும் இறைவனே, எமக்குத் துணை நில்! பெரிய பெரிய சொற்களைத் தா. ஒருவரையேனும் புண்படுத்தும் சொல்லை மட்டும் தராதே!

வாழ்க அழகையா! மாத்தளை மலைச்சாரல் மாகாண சபைக்கு அனுப்பிவைத்த மாவீரன். மாகாண சபை உறுப்பினர் என்னும் நெடும்பட்டம் தோட்டத்து நாவுகளில் உருண்டு தேய்ந்து 'மந்திரி' என்று சுருங்கப் பெற்றவன். அலுவிகாரை முதல் லக்கல வரை அடிக்கல் நட்டு, அக்கற்களில் ஆடுகள் முதுகு சொறிந்து வாழ்த்தக் கண்டவன். மரண வீடுகளுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் கதிரைகளின் முதுகிலெல்லாம் தன் திருநாமம் பொறித்தவன். மாலை சுமந்து சுமந்து கழுத்துச் சற்றே முன்வளைந்தவன்!

அத்தகையோனுக்கும் ஒரு நெருக்கடி வந்தது. சபை கலையும் காலம் நெருங்க, கட்சித் தலைமை ஓர் ஆணை பிறப்பித்தது: ஆரம்பித்த வேலைகளின் படம் போதும், முடித்த வேலை ஒன்றின் படம் வேண்டும், இல்லையேல் அடுத்த தேர்தலில் இடமில்லை. ஆரம்பித்தவை மலைபோல் கிடந்தன. முடித்தது ஒன்றே ஒன்று: வெள்ளைப்பாறைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக் குடிநீர்க் குழாய்.

அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வந்து ஒரு வாரமாகியிருந்தது. ஆயினும், பிரமுகர் கை படுமுன் தண்ணீர் ஓடுவது விழா மரபுக்கு அடுக்காது என்று அதன் வாயை இறுக மூடி, சிவப்பு நாடா கட்டி, கடதாசிப் பூச் சூட்டி வைத்திருந்தார்கள். லயத்துப் பெண்களோ பூச்சூடிய குழாயைக் கும்பிடாத குறையாகக் கடந்து, அட்டை கடிக்கும் சரிவில் இறங்கி, அடிவாரத்தில் ஊற்று நீர் கொட்டும் பீலியில் குடம் நிறைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

விழா நாளன்று கமலாட்சியின் மகள் கிருஷாந்தினி, பிறந்து சில நாளேயான பிள்ளையோடு மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்திருந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே வந்த கமலாட்சி, முதுகில் கூடையும் இடுப்பில் வெறுங்குடமுமாக வரிசையின் முதலில் நின்றாள்.

"மலையகத்தின் மாணிக்கம், மாத்தளையின் சூறாவளி, இதோ மங்கல விளக்கை ஏற்றுகிறார்!" என்று ஒலிபெருக்கிக்காரர் லாபிர் நானா முழங்கினார்.

அதைக் கேட்டு உண்மையான சூறாவளிக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். நக்கிள்ஸ் மலை முகடுகளிலிருந்து, கறுவாக் காடுகளைக் கலக்கி, மிளகுக் கொடிகளை உலுக்கி, பந்தல் தகரங்களைப் பறையாய் அறைந்து, மதங்கொண்ட யானைப் படைபோல் இறங்கி வந்த காற்று, ஐந்து திரிப் பித்தளை விளக்கின்முன் தீக்குச்சியும் கையுமாய் நின்ற எம் நாயகனை எதிர்கொண்டது. ஒரு குச்சி கிழித்தான், அணைந்தது. மறு குச்சி கிழித்தான். மருந்து மட்டும் பறந்து மாலைக்குள் விழுந்தது. பகைவர் கோட்டையை வலம்வரும் தளபதிபோல் விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்தான். காற்றும் சுற்றி வந்தது. முதல் திரியை ஏற்றி இரண்டாவதற்குப் போனால் முதலாவது வீரமரணம் எய்திற்று.

"நானா, பாட்டையாவது போடுங்க!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"பொறுங்க, பொறுங்க! மந்திரி சும்மா பயிற்சி எடுக்கிறாரு!" என்றார் லாபிர், ஒலிபெருக்கியை அணைக்க மறந்து. மலையே சிரித்தது. எம் நாயகனின் காதுகள் நாடாவின் நிறம் கொண்டன.

செயலாளர் சசிக்குமார், ஒரு கையில் படமெடுக்கும் போனும் மறு கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலுமாகப் பாய்ந்து வந்து திரிகளை நனைத்தான். அப்போதும் பற்றவில்லை. லயத்திலிருந்து பிள்ளையின் அழுகை மெல்லிய நூல்போல் வந்தது. கமலாட்சிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"மந்திரி, நீங்க வெளக்கு ஏத்துறதுக்குள்ள எம் பேரப்புள்ளைக்குப் பல்லு மொளச்சிரும் போலிருக்கு. தள்ளி நில்லுங்க. நான் மறச்சிக்கிறேன், நீங்க பத்த வைங்க."

சொல்லிவிட்டு முதுகுக் கூடையைக் கழற்றி, கேடயம் ஏந்திய மறக்குலப் பெண்போல் காற்றுக்கும் விளக்குக்கும் நடுவே பிடித்தாள். ஆகா! ஐந்து திரியும் எரிந்தன. அடுத்த நொடியே காற்று பின்புறமாக வந்து தாக்க, மண்ணெண்ணெய்ச் சுவாலை நாக்கை நீட்டிக் கூடையைக் கவ்விற்று.

"ஆத்தாடி, கூடை!"

எரியும் கூடையோடு கமலாட்சி குழாயை நோக்கி ஓடினாள். நாடா அவள் மார்பில் பட்டு அறுந்தது, பூக்கள் சிதறின, அவள் ஒரு கையால் திருக, குழாய் திறந்தது. வெள்ளம் பீறிட்டது. தீ அணைந்தது, கூடை கரிந்தது, தெறித்த நீரில் மங்கல விளக்கும் அணைந்தது. "திறந்து வைக்கப்பட்டது!" என்று லாபிர் முழங்கினார், யாரால் என்று சொல்லாமல். பெண்கள் குடங்களோடு பாய்ந்தார்கள்.

சசிக்குமார் நாயகனின் காதருகே வந்தான். "ஐயா, படம் விழல்லை. குழாய மூடிருவோம். நாடாவ முடிச்சுப் போட்டு நீங்க மறுபடி தொறங்க. பத்து நிமிசந்தான்."

கமலாட்சியின் குடம் அப்போது பாதி நிறைந்திருந்தது. குழாயின் தலையில் சசிக்குமாரின் கை ஏற்கெனவே போயிருந்தது.

கமராவுக்கு இல்லை என்றே சொல்லி அறியாத அழகையா, வாழ்நாளின் மிகப் பெரிய போரை அங்கே ஓசையின்றிப் பொருதான்.

"கைய எடு தம்பி. புடிக்கட்டும்."

"படம் இல்லாட்டி எடம் இல்லைங்க ஐயா!"

"புள்ள அழுவுது. கைய எடு."

கமலாட்சி குடம் நிறைந்ததும், கரிந்த கூடையைத் திரும்பிக்கூடப் பாராமல் வீட்டுக்கு ஓடினாள். சற்று நேரத்தில் அழுகை நின்றது.

கட்சி வேறொருவர் பெயரை எழுதிக்கொண்டது. சபை கலைந்தது, தேர்தல் வரவேயில்லை. வாகனம் போயிற்று, செயலாளர் போனான், மாலைகள் வாடின. ஆனால் தன்னைச் சிரிப்பிலிருந்து காத்த கேடயம் எரிந்த காட்சி மட்டும் எம் நாயகன் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

ஆகவே கேளுங்கள், இறுதிப் படையெடுப்பை! முரசு முழங்கவில்லை, ஒலிபெருக்கி ஓலமிடவில்லை, மாத்தளைக் கடைத்தெருவில் தேடித் தேர்ந்த புத்தம்புதுக் கொழுந்துக் கூடையை மடியில் அணைத்து, நெரிசல் பஸ்ஸில் குலுங்கி, மலைப்பாதையில் மூச்சு வாங்க ஏறி, எல்லோரும் கொழுந்து மலைக்குப் போயிருந்த நண்பகலில், நாயும் குரைக்காத மேல் லயத்துள் நுழைந்து, கமலாட்சியின் பூட்டிய கதவின்முன் வந்து நின்றான் வீரன்.

கூடையைக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டு, அழகையா பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.